எங்கள் வீட்டு வரி

விமான நிலையத்தில் முத்திரை குத்தும் அதிகாரி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். யாரிடம் வேலை பார்க்கிறாய்? யாரிடமும் இல்லை என்றால், வேலையில்லாதவள் எதற்கு இங்கே வருகிறாள் என்று அவருக்குச் சந்தேகம் வரும். என்னிடமே வேலை பார்க்கிறேன் என்றால் அந்தச் சந்தேகம் இரட்டிப்பாகும். பிறகு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி முகவரியைப் படிப்பார். தாராவி, மும்பை என்று இருக்கும். அந்தப் பெயரை அவர் ஏதாவது படத்தில் பார்த்திருந்தால் என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். நானும் அவரை ஏற இறங்கப் பார்ப்பேன். கடைசியில் அவர்தான் முத்திரையை எடுத்தாக வேண்டும். எனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது.

நான் ஒரு சாஃப்ட்வேர் காண்ட்ராக்டர். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது, கழுத்தில் தொங்கும் அட்டை கிடையாது. புதிதாக எதையும் கட்டுவதும் கிடையாது. யாரோ எழுதி வைத்துவிட்டு ஓடிப்போன பழைய நிரலை நம்பிப் பிழைத்துக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன வெளிநாட்டுக் கம்பெனிகள் உண்டு. அது ஒருநாள் படுத்துவிடும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். பிரித்துப் பார்த்து, எங்கே பழுது என்று கண்டுபிடித்து, சரிசெய்து கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். எங்கள் கல்லியில், அதாவது சந்தில், பழைய மிக்ஸியையும் ஃபேனையும் ரிப்பேர் பார்க்கிறவர்கள் செய்வதும் இதுதான். என் கையில் கிரீஸ் ஒட்டாது, அவ்வளவே.

அதற்கு முன்னால் அந்தேரியில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரும் நாளில் மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் சயன் என்று சொல், பக்கம்தானே என்றார். பக்கம்தான் சார், ஆனால் அது இல்லை என்றேன். வந்தவர்கள் கேட்டார்கள். தாராவி என்றேன். ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து அந்தேரி மேல் விழவில்லை. ஆனால் அடுத்த முறை ஆட்கள் வந்தபோது என்னை அந்த அறைக்குக் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

கையில் ஒரு லேப்டாப், தோளில் அப்பா தைத்துக் கொடுத்த தோல் பை. இணையம் ஒழுங்காக வரும் ஊர் எதுவானாலும் அது என் ஆபீஸ். எங்களைப் போன்றவர்களுக்கென்றே விசா தரும் நாடுகள் இப்போது இருக்கின்றன. ஜார்ஜியாவில் ஒரு மலைச்சரிவு வீட்டில், வாயைத் திறந்தால் திட்டுவதற்கு மட்டுமே திறக்கும் வீட்டுக்கார அம்மாளோடு குளிர்காலம் முழுக்க இருந்திருக்கிறேன். வியட்நாமில் கடற்கரை ஓரம் மீன்குழம்பு வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து, டென்மார்க்கில் ஒரு குளிர்பதனக் கிடங்கின் கதவுகள் தானாகத் திறந்துகொள்ளும் வியாதியைத் தீர்த்திருக்கிறேன். எல்லா ஊரிலும் சட்டம் ஒன்றுதான். நீ இங்கே தங்கலாம், தின்னலாம், செலவு செய்யலாம், எங்கள் கடலைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லலாம். எங்களில் ஒருத்தி என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அது அவர்கள் ஊர்.

என் கல்லியில் என் வேலையைப் புரிந்துகொண்டது அப்பா ஒருவர்தான். அவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். பெரிய சேட் ஆர்டர் கொடுப்பார், இவர் பீஸ் கணக்கில் பை தைத்துக் கொடுப்பார், சேட்டின் மாதச் சம்பளக்காரராக ஒருநாளும் இருந்ததில்லை. நான் என் வேலையை விளக்க ஆரம்பித்ததும், "அப்ப நீயும் ஜாப் ஒர்க்குதான் பாக்க" என்று முடித்துவிட்டார். "சாம்பிள் பாஸ் ஆகாம அடுத்த லாட்ல கைய வச்சிராத" என்று ஒரு புத்தியும் சொன்னார். இன்றுவரை அதைத்தான் கடைப்பிடிக்கிறேன். ஆனால் அவர் வெளியே போய், எம்மவ காண்ட்ராக்டர் என்று பெருமை பேசிவிட்டார். எங்கள் பக்கம் காண்ட்ராக்டர் என்றால் மாநகராட்சி வேலை எடுக்கிறவர் என்று அர்த்தம். கொஞ்ச காலம் கல்லியில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் சாக்கடை மூடி எப்போது போடுவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா இறந்தபோது நான் இங்கேதான் இருந்தேன். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வெளிநாட்டில் திரியும் மகள் என்றதும், அப்பன் சாவுக்கு வந்து சேராதவள் என்ற கதையை மற்றவர்களே எழுதி முடித்துவிடுகிறார்கள். நான் இருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தேன். பொம்பளைப் பிள்ளை வரக்கூடாது என்று நாலு பேர் சொல்லச் சொல்லச் சுடுகாடு வரைக்கும் போனேன். ஒருவரும் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விடவில்லை.

சாவு விழுந்த வீடு என்பதால் அந்த வருடம் நாங்கள் கோயில் பக்கம் போகவில்லை. அடுத்த வருடக் கொடையில்தான் விஷயம் வெடித்தது.

எங்கள் கொடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களிலிருந்து தாராவிக்கு வந்தவர்கள் ஊருக்கு ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். எங்கள் சங்கத்துக்கு ஒரு அறையும், குறுக்குச் சாலையிலிருந்து உள்ளே வரும் கல்லியில் ஒரு அம்மன் கோயிலும் உண்டு. சித்திரையில் கொடை, அதாவது அம்மனுக்குத் திருவிழா. அதற்கு வீட்டுக்கு வீடு வரி. ஒரு வீடு ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். அவன் பெயரில்தான் வரி. மதியக் கொடை முடிந்ததும் வரி கட்டிய ஒவ்வொரு தலைக்கட்டின் பெயரையும் மைக்கில் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் போய் அம்மனுக்குப் படைத்த படப்புச் சோறும் கறியும் தேங்காய் முறியும் வைத்த தட்டைப் பெற்று, கொண்டுபோன தூக்குச்சட்டியில் மாற்றிக்கொண்டு வருவார். அந்தத் தட்டுக்குப் பெயர் பங்கு. ஓட்டல் பிரியாணி இதைவிட ருசியாக இருக்கும். ஆனாலும் அந்த மைக்கில் பெயர் வந்தால்தான் இந்தக் கல்லியில் அந்த வீடு இருக்கிறது என்று பொருள்.

விஷயம் வெடித்த அந்த வருடம் நான் வியட்நாமில் இருந்தேன். அம்மா போனில் வீடியோ போட்டு என்னைக் கொடைக்குக் கூட்டிப்போனாள். அம்மா செம்பூரில் ஒரு கிளினிக்கில் ஆயா வேலை பார்க்கிறாள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்தே பார்க்கிறாள். அன்றைக்கு லீவு எடுத்து, வெளிர்நீலச் சேலை கட்டி, விளக்கித் துடைத்த தூக்குச்சட்டியோடு நின்றாள். மைக்கில் பெயர்கள் வந்தன. எதிர்வீடு, பக்கத்துவீடு, கடைசி வீடு. ஒவ்வொரு பெயருக்கும் அம்மா தூக்குச்சட்டியைக் கை மாற்றிப் பிடிப்பது போனில் தெரிந்தது. கடைசிப் பெயரும் முடிந்தது. எங்கள் வீட்டைக் கூப்பிடவில்லை. அம்மா அங்கேயே நின்றாள். பிறகு யாரோ ஒருவர், மிஞ்சியவர்களுக்குக் கொடுக்கும் சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். படம் தரையைக் காட்டியது. அப்புறம், "டவர் கெடைக்கல, வச்சிருதேன்" என்று அம்மா குரல் மட்டும் வந்தது.

டவர் நன்றாகவே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தக் கடற்கரை அறையில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் தூக்கி எறிந்திருப்பேன். எல்லாமே வாடகைக்கு எடுத்த வீட்டின் சாமான் என்பதால் தப்பித்தது.

ஊர்ப் பாசத்தில் இதைச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்து அந்த ஊருக்கு நான் வாழ்நாளில் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் எப்போது ரயில் ஏறுவோம் என்றுதான் இருந்தது. எனக்கு ஊர் என்றால் இந்தக் கல்லிதான். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த கல்லி. எங்கள் அம்மா வேலைக்குப் போய் வந்து, தண்ணீர் பிடித்து, இரண்டு சாவு மூன்று கல்யாணங்களுக்கு மாவாட்டிக் கொடுத்த கல்லி. மாவாட்ட மட்டும் எங்கள் வீடு வேண்டும், பங்கு என்றால் கறிவேப்பிலையா?

மாதக் கடைசியில் திரும்பி வந்தேன். அம்மாவிடம் பேச்சை எடுத்தால், "விடு, ஆம்பிள இல்லாத வீடுன்னா அப்படித்தான். அது ஆதியிலேர்ந்து உள்ளது" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விட்டுவிட நினைக்கிறவள் முகத்தைத் திருப்ப மாட்டாள். அடுத்த கொடையில் எங்கள் வீட்டுப் பெயர் மைக்கில் வந்தே தீர வேண்டும், அதுவும் என் பெயராக வர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த கொடைக்கு முந்தைய சங்கக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை. வந்தால் வாசலோடு நிற்பார்கள். நான் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. அப்பாவோடு ஒரே ரயிலில் பம்பாய் வந்தவர், நல்ல மனுஷர். செயலாளர் மாட்டுங்காவில் ஒரு ஆபீசில் கிளார்க். எல்லோருக்கும் அண்ணாச்சி. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

"என்னம்மா சேதி?" என்றார் பெரியப்பா.

"எங்க வீட்டு வரிய இந்த வருசம் நான் கட்டுதேன் பெரியப்பா. எம் பேர எழுதிக்கிடுங்க."

பெரியப்பா சிரித்தார். "ஒனக்கு இன்னும் கலியாணம் ஆகலியேம்மா. தலைக்கட்டுன்னா கலியாணம் ஆன ஆம்பிளதான. இது நான் போட்ட சட்டமா?"

"ஒங்க சட்டம் இல்லன்னா மாத்துததுல ஒங்களுக்கு என்ன கஷ்டம்?"

அண்ணாச்சி இடையில் புகுந்தார். "அது மட்டும் இல்ல கேட்டியளா. இவளுக்குப் பக்கா வேலைன்னு ஒண்ணு கெடையாது. எந்தக் கம்பெனின்னு கேட்டா கம்பெனியே இல்லங்கா. நாளைக்கு வரி பாக்கி விழுந்தா யார்ட்டப் போயி கேக்க?"

"என்ட்டக் கேளுங்க அண்ணாச்சி."

"நீ எங்க இருக்கன்னு யாருக்குத் தெரியும்? இன்னைக்கு ஒரு நாடு, நாளைக்கு ஒரு நாடு. சும்மா காலி பீலி சுத்திக்கிட்டே இருக்க. இங்க இருந்தாத்தான வரி."

இதற்காகத்தான் காத்திருந்தேன். "சவுதில இருக்கவங்க வீட்ட வருசா வருசம் மைக்ல கூப்பிடுதிய. அவங்க எந்தக் கொடைக்கு வந்தாவ?"

"அவன் வராட்டா அவன் பொண்டாட்டி வந்து வாங்குதா."

"நான் வராட்டா எங்க அம்ம வந்து வாங்குவா."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது எங்கள் கல்லியில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழிதான். தங்கள் அறைக்குள்ளேயே அது நடந்துகொண்டிருப்பது சிலருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணாச்சி குனியவில்லை. அவர் வேறு வழியில் வந்தார்.

"இதுக்கு எதுக்கு சண்ட? நீ அன்னதானத்துக்கு நன்கொட குடு. வாசல்லயே பேனர் வைக்கோம். ஒன் போட்டோவ எல்லாரவிடயும் பெருசாப் போட்டு, உபயம்னு ஒன் பேரு. வரி கட்டுதவனுக்கெல்லாம் அந்த மரியாத கெடையாது."

ஆசை காட்டத் தெரிந்தவர். ஆனால் எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். உலகம் சுற்றிக் கற்றது அது ஒன்றுதான். நன்கொடையை எவனும் கொடுக்கலாம். வழிப்போக்கன் கொடுக்கலாம், கட்சிக்காரன் கொடுக்கலாம், அடுத்த கல்லிக்காரன் கொடுக்கலாம். வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லி அனுப்புவார்கள். வரியை மட்டும் இங்கே உள்ளவள்தான் கட்ட முடியும். இத்தனை நாடுகளில் நான் நன்கொடைக்காரியாக இருந்தாயிற்று. என் சொந்தக் கல்லியிலும் என்னை ஒரு டூரிஸ்ட் ஆக்கப் பார்க்கிறார்கள்.

"நன்கொட ஒரு பைசா தரமாட்டேன் அண்ணாச்சி. வரி மட்டும்தான் தருவேன்."

பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "வரி கட்டமாட்டேன்னு சண்ட போட்டவன எல்லாம் பாத்திருக்கேன். வரிய வாங்குங்கன்னு சண்ட போடுதவள இன்னைக்குத்தான் பாக்கேன்." பிறகு, "சரி, பாப்போம்" என்றார். எங்கள் சங்கத்தில் பாப்போம் என்றால் மாட்டோம் என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் வரிப்பணத்தைப் போன் வழியே அண்ணாச்சிக்கு அனுப்பினேன். மற்றவர்கள் கட்டும் அதே தொகை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாயங்காலம் திரும்பி வந்தது. மறுநாள் மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது. அவருக்கும் பொழுது போக வேண்டுமே. ஒரு வாரம் அந்தப் பணம் மாட்டுங்காவுக்கும் தாராவிக்குமாக லோக்கல் ரயில் மாதிரி போய்வந்தது. என்னை இப்படிச் சலிக்க வைக்க முடியாது. பணம் தராத வெளிநாட்டுப் பார்ட்டிகளை விடாமல் நச்சரித்து வாங்கிப் பழகியவள் நான். இங்கே பணத்தைக் கொடுப்பதற்கு நச்சரிக்க வேண்டியிருந்தது, அதுதான் புதிது. கடைசியில் ஒருநாள் அனுப்பிய பணம் திரும்பி வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தூக்குச்சட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள்.

அதே வாரத்தில் டென்மார்க் கிடங்குக்காரர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள். புதிய மெஷின்களுக்கு மாறப் போகிறார்கள், நான் நேரில் வந்து நிற்க வேண்டும், அதுவும் கொடை நாளில். முடியாது, மறுநாள் விமானம் ஏறுகிறேன் என்றேன். என்ன காரணம் என்றார் அந்த மேலாளர். அம்மன், கொடை, தலைக்கட்டு, படப்புச் சோறு எல்லாவற்றையும் அந்த மனுஷனுக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது? வரி விவகாரம் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு அனுதாபம். ஐயோ, தாராளமாக முடித்துவிட்டு வாருங்கள், அதில் விளையாடக் கூடாது என்றார். எந்த நாட்டிலும் ஒருவர் முதல் தடவையிலேயே என்னைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்றால் அது அன்றைக்குத்தான்.

கொடை நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. கல்லிக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே மேளச் சத்தமும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியவில்லை, பேச்சும் கேட்கவில்லை. பெண்கள் பக்கம் விரித்த சாக்கில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். அம்மா அதே வெளிர்நீலச் சேலை. மேளம் நின்றது. பூசாரி தட்டுகளை வரிசையாக எடுத்து வைத்தார். அண்ணாச்சி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொரு பெயரையும் விரல் விட்டு எண்ணினேன்.

எதிர்வீட்டுக்கு அடுத்து எங்கள் முறை. மைக்கில் அப்பாவின் பெயர் வந்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. என் வரியை அப்பா பெயரில் எழுதியிருக்கிறார்கள். பணமும் வாங்கிக்கொண்ட மாதிரி ஆயிற்று, பெண் பெயரும் ஏறாத மாதிரி ஆயிற்று. பூசி மெழுகுவதில் அண்ணாச்சியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெரியப்பா எங்கள் பக்கம் பார்த்து, வா, வந்து வாங்கிக்கொள் என்று அம்மாவுக்குக் கை காட்டினார். அதில் கெட்ட எண்ணம் இல்லை. நல்லது செய்துவிட்டதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். போன வருடம் முழுக்க அவள் ஏங்கியது இதற்குத்தான். வீட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து போய் வாங்கினால் தீர்ந்தது. அவள் போயிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். வயிறெரிந்துகொண்டு சும்மா இருந்திருப்பேன்.

அம்மா எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். எழவில்லை. சுற்றி இருந்தவர்கள் அவளைத் தொட்டுச் சொன்னார்கள், காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் முறை அப்பாவின் பெயரைச் சொல்லி, "வீட்டுக்காரங்க வாங்க" என்றார் அண்ணாச்சி. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னாள்.

"செத்தவரு வந்து வாங்கமாட்டாரு. அவரக் கூப்பிடாதிய."

கிளினிக்கில் ஆளாளுக்கு அதட்டினாலும் சரி சார் என்று சொல்லிப் பழகிய குரல் அது. அந்தக் குரலில் இந்தச் சத்தம் இருப்பது எனக்குத் தெரியாது. அண்ணாச்சி மைக்கைக் கையால் பொத்தினார், பெரியப்பாவிடம் என்னவோ கேட்டார், பிறகு அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் போனார்கள், வந்தார்கள். எல்லாத் தட்டும் தீர்ந்து ஒன்று மட்டும் மேஜையில் இருந்தது. அதை உள்ளே எடுத்து வைத்துவிடச் சொன்னார் அண்ணாச்சி. பூசாரி ஒப்பவில்லை. அவர் ஊரிலிருந்து கொடைக்காகவே வந்தவர், சங்கத்துச் சச்சரவு அவருக்குத் தெரியாது.

"பேர் சொல்லிக் கூப்பிட்ட பங்கு கெடக்கையில நட சாத்தப்படாது. யாருதுன்னு சொல்லிக் குடுத்து அனுப்புங்க. எனக்கு ரயிலுக்கு நேரம் ஆகுது."

அடுத்தவர் பங்கை இன்னொருவர் தொடக்கூடாது. நடையும் சாத்த முடியாது. ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பெரியப்பா தூரத்திலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மைக்கில் என் பெயர் வந்தது.

அப்பாவின் முதலெழுத்தோடு, தெளிவாக, குறுக்குச் சாலை வரைக்கும் கேட்கும்படி என் பெயர். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. பக்கத்தில் இருந்த எதிர்வீட்டு அக்கா என்னை முதுகில் குத்தி, "போ" என்றாள். எழுந்தேன். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அதற்குள் அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"நீ எங்கட்டி போற?"

"கூப்பிட்டாவள்லா அம்மா."

"நீ நாளைக்கு பிளேன் ஏறிருவ. இந்தக் கல்லில வெளக்கப் பொருத்தி, வீட்டத் தொறந்து வச்சிக்கிட்டு இருக்கது யாரு? நீ இரி."

கம்பெனி இல்லை என்றதற்கு என்னிடம் பதில் இருந்தது. கல்யாணம் இல்லை என்றதற்கு இருந்தது. சவுதிக்காரர்களை இழுத்து வந்து பெரிய மனிதர்களின் வாயை அடைத்திருந்தேன். இதற்கு ஒரு பதிலும் இல்லை. என் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நான் எத்தனையோ தடவை யோசித்து, அப்பாவிடமிருந்து என்று முடிவு கட்டியிருந்தேன். சாக்கில் உட்கார்ந்தேன். வாய் நிறையச் சிரிப்பு வந்தது எனக்கு.

அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஆண்கள் பக்கத்தின் நடுவே நடந்தாள். வழியில் இருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். மேஜைக்கு முன்னால் போய் நின்று, "பேர மாத்திக் கூப்பிடுங்க" என்றாள்.

அண்ணாச்சி குழம்பிவிட்டார். "ஒங்க மக பேரத்தான மதினி கூப்பிட்டேன்? இனி யாரு பேரக் கூப்பிட?"

"எம் பேர."

அண்ணாச்சி மைக்கை வாயருகே கொண்டுபோனார். வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் மேலே தார்ப்பாயைப் பார்த்தார். கல்யாணமாகி இந்தக் கல்லிக்கு வந்த நாளிலிருந்து அம்மா இன்னாருடைய பெண்டாட்டி, பிறகு இன்னாளுடைய அம்மா. கிளினிக்கில் ஆயா, அண்ணாச்சிக்கு மதினி. அவள் கையால் ஆட்டிய மாவில் தின்றவர்கள்தான் அங்கே அத்தனை பேரும்.

மைக்கை அணைக்க மறந்துபோன அண்ணாச்சியின் குரல் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. "மதினி, ஒங்க பேரு என்ன?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா தூக்குச்சட்டியை மேஜைமேல் வைத்தாள். அவர் கையிலிருந்து மைக்கை வாங்கி, தன் பெயரைச் சொன்னாள். சரியாகக் கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவையும் சொன்னாள்.